முகத்துக்கு எண்ணெய் பூசலாமா? – ஒரு பழவங்காடி வழக்கு

எங்கள் வீட்டில் சில மாதங்களாக ஒரு வழக்கு நடக்கிறது. வாதி, திருவனந்தபுரம் பழவங்காடியில் இருக்கும் என் அம்மா. பிரதிவாதி, டொராண்டோவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள். வழக்குப் பொருள், ஊரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கையில் அம்மா கொடுத்தனுப்பிய 200 மில்லி ஏலாதி கேரம்.

"மக்கா, பிள்ளைக்கு மொகத்துல கொஞ்சம் எண்ணெய தேச்சு விடு. நாங்கள்லாம் என்ன சோப்பா போட்டோம்? எங்களுக்கு ஒரு பரு உண்டா?" இது அம்மா.

"அப்பா, மூஞ்சில எண்ணெயே படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஆச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க." இது மகள்.

தங்கமணி யார் கட்சி என்று மட்டும் கேட்காதீர்கள். ஆளைப் பொறுத்து மாறும். :-)

கிண்டலாக எழுதிவிட்டேன், ஆனால் விஷயம் அவ்வளவு லேசானது இல்லை. வீடியோவில் வந்ததும் ஆச்சி முதலில் கேட்பது பருவைப் பற்றித்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து போன் வரும் நேரம் பார்த்து எங்கள் வீட்டுப் பெண் குளிக்கப் போய்விடுகிறாள். பதினாலு வயதில் முகம் என்பது சின்ன விஷயமா? எழுபது வயதில் பேத்தி முகம் காட்டாமல் இருப்பதுதான் சின்ன விஷயமா?

அடியேன் பி.காம். வங்கியில் கடன் கோப்புகளைப் பார்த்துக் காலம் தள்ளுகிறவன். தோல் மருத்துவம் என் துறை இல்லை. ஆனால் கணக்கு டாலி ஆகவில்லை என்றால் பழைய பேரேடுகளை எடுத்துப் புரட்டுவது எங்கள் தொழில் புத்தி. எண்ணெய் நல்லது என்று அம்மா சொல்வதும் சும்மா இல்லை, கெட்டது என்று டாக்டர் சொல்வதும் சும்மா இல்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும்? அதைத் தேடிப் போன கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழவங்காடி தெரியாதவர்களுக்கு: பத்மநாப சுவாமி கோயிலின் கிழக்குக் கோட்டை வாசலுக்கு வெளியே, பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இடம். அங்கே உள்ள கணபதி கோயிலில் தேங்காய் உடைப்பதுதான் பிரதான வழிபாடு. கோயில் இந்திய ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. பத்மநாபபுரத்தில் இருந்த திருவிதாங்கூர் படையினர் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது தங்கள் பிள்ளையாரையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. நாள் முழுக்கச் சடசடவென்று தேங்காய் உடைகிற சத்தம் கேட்கும். அந்தத் தெருவில் வளர்ந்தவனுக்குத் தேங்காய் எண்ணெய் மேல் சந்தேகமே வராது. தலைக்கு அது, சமையலுக்கு அது, அப்பளம் பொரிக்க அது, சிராய்ப்புக்கும் அதுதான்.

பழவங்காடியிலிருந்து கிழக்கே திரும்பினால் சாலைக் கடைத்தெரு. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய சந்தை. அவர் பிறந்த குன்னத்தூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. சாலையில் தமிழ் வியாபாரிகள் நிறைய. என் அப்பாவே அங்கே ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதியவர்தான். அரிசி மண்டி, பாத்திரக் கடை, பூக்கடை எல்லாம் தாண்டிப் போனால் உலர்ந்த வேரும் பட்டையும் மணக்கும் கடைகள் வரும். நாம் நாட்டு மருந்துக் கடை என்போம். மலையாளத்தில் அது அங்ஙாடி மருந்துக் கடை. தோட்டத்தில் பறித்தால் 'பச்ச மருந்து', கடையில் வாங்கினால் 'அங்ஙாடி மருந்து'. பழவங்காடியின் பெயரில் இருப்பதும் இதே அங்காடிதான். எம்.ஜி. ரோட்டில் கொஞ்சம் வடக்கே போனால் அரசு ஆயுர்வேதக் கல்லூரி. 1889-இல், ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், பாடசாலையாகத் தொடங்கியது. ஆக, அம்மா கொடுத்தனுப்பிய எண்ணெயின் ஜாதகம் முழுவதும் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்துக்குள் கிடைக்கும்.

பாட்டிலின் பெயரிலேயே முதல் துப்பு இருக்கிறது. ஏலாதி என்றால் ஏலம் முதலான சரக்குகள். இந்தக் கூட்டத்தை வாக்படர் தன் அஷ்டாங்க ஹ்ருதயத்தில் ஒரு தொகுதியாகவே சொல்கிறார். அரிப்பு, கொப்புளம், தடிப்பு இவற்றுக்கு நல்லது, நிறத்தைத் தெளிய வைக்கும் என்றும் சொல்கிறார். கேரள வைத்தியர்களுக்கு எல்லா நூல்களுக்கும் மேல் அஷ்டாங்க ஹ்ருதயம்தான். எனவே அம்மா சும்மா சொல்லவில்லை. சரக்கு சரியான சரக்கு.

ஆனால் அடுத்த சொல்லைப் பாருங்கள். 'கேரம்' என்றால் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது. 'தைலம்' என்பது 'திலம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. திலம் என்றால் எள். நம் தமிழிலும் அதே கதைதான்: எள் + நெய் = எண்ணெய். இரண்டு மொழியிலும் எண்ணெய் என்ற சொல்லுக்குள்ளேயே எள் உட்கார்ந்திருக்கிறது. பழைய நூல்களில் வெறுமனே தைலம் என்று வந்தால் அது நல்லெண்ணெய். கேரளத்தில் எள் விளையாமலும் இல்லை. ஓணாட்டுகர எள்ளுக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் கடற்கரை ஓரம் தென்னை கொட்டிக் கிடக்கிறது, அந்த ஈரக் காற்றிலும் தேங்காய் எண்ணெய் லேசில் காறாது, கையில் குளிர்ச்சியாக இருக்கும். எனவே பல கூட்டுகளுக்கு அங்கே கேர வடிவமும் வழக்கத்தில் வந்தது. உடம்புத் தோலுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பரு உள்ள முகம் என்று வரும்போதுதான் இந்த வித்தியாசம் தலைதூக்குகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னும் கொஞ்சம் பேரேடு புரட்டியபோது எனக்கே ஆச்சரியம். தினமும் எண்ணெய் தேய்த்துக்கொள் என்று சொல்லும் அஷ்டாங்க ஹ்ருதயம், எங்கே குறிப்பாகத் தேய்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. தலை, காது, பாதம். முகம் அந்தப் பட்டியலில் இல்லை. யார் தேய்க்கக்கூடாது என்பதும் அதே இடத்தில் இருக்கிறது: கபம் மிகுந்தவர்கள், அஜீரணக்காரர்கள், வாந்தி பேதி முதலிய சுத்திகளைச் செய்து முடித்தவர்கள்.

இப்போது சுஸ்ருதரிடம் போவோம். பருவுக்கு அவர் வைத்த பெயர் முகதூஷிகா. இளம் வயதினர் முகத்தில் இலவ மரத்து முள் மாதிரி வருவது என்கிறார். இலவ மரத்தின் அடிப்பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. காரணம் என்ன என்கிறார்? கபம், வாதம், ரத்தம். கபக்காரனுக்கு எண்ணெய் வேண்டாம் என்று ஒரு நூல், பரு கபத்தால் வருவது என்று இன்னொரு நூல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கு என்ன சொல்கிறது? பருவுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சைகளைப் பார்த்தாலும் வசம்பு, லோத்திரப் பட்டை, கடுகு, இந்துப்பு என்று அரைத்துப் பூசும் பத்துகளே முன்னால் நிற்கின்றன.

எண்ணெய் தேய்த்தவனை அப்படியே விட்டுவிடவும் இல்லை. தேய்த்த பிறகு பொடி போட்டு உரசிக் குளிக்கும் வழக்கத்துக்கு உத்வர்த்தனம் என்று தனிப் பெயர். கபத்தையும் கொழுப்பையும் கரைப்பது என்று அதற்குக் குணமும் சொல்லியிருக்கிறது.

அந்தப் பொடி நமக்குத் தெரியாததா என்ன? தமிழ்நாட்டில் பயத்தம் மாவு, கடலை மாவு, நலங்கு மாவு, தலைக்குச் சீயக்காய். கொங்கு நாட்டில் அரப்பு. யாழ்ப்பாணத்து நண்பர்களைக் கேட்டால் முழுக்கு நாளில் வைத்த அரப்பு, சீயாக்காய்க் கதைகளைச் சொல்வார்கள். கேரளத்தில் சிறுபயறுப் பொடி, உடம்பு தேய்க்க இஞ்ச என்ற நார்ப்பட்டை, தலைக்குச் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த தாளி. மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சீயக்காயிலும் அரப்பிலும் இருக்கும் சபோனின் என்ற பொருள் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். எண்ணெய் பற்று என்றால் பொடி வரவு. இரண்டு பதிவும் விழுந்தால்தான் அன்றைய கணக்கு முடிந்தது.

ஐரோப்பாவிலும் இதேதான் நடந்திருக்கிறது. ரோமானியர்கள் ஆலிவ் எண்ணெயைப் பூசி, வளைந்த உலோகக் கத்தி ஒன்றால் அழுக்கோடு வழித்துப் போட்டுவிட்டுத்தான் குளித்தார்கள். பூசியது அப்படியே முகத்தில் ஊறட்டும் என்று அவர்களும் விடவில்லை.

பிறகு எங்கே பிசகியது? என் பார்வையில், சோப்பு வந்த இடத்தில்.

வணிகவியல்காரனுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் பிடித்த பகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள். மலையாளக் கரையின் தேங்காய் எண்ணெய்க்கு உலகச் சந்தையில் 'கொச்சின் ஆயில்' என்று தரப்பெயரே இருந்தது. நுரை நன்றாக வரும் சோப்புக்கு லாரிக் அமிலம் வேண்டும், அது தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி. நம் கரையிலிருந்து கொப்பரையும் எண்ணெயுமாகப் போனது, சீமையிலிருந்து சோப்புக் கட்டியாகத் திரும்பி வந்தது. லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்பு கல்கத்தா துறைமுகத்தில் இறங்கியது 1888-இல். பிறகு நாமே செய்யத் தொடங்கினோம். 1914-இல் சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சோப்பு நிறுவனம் தொடங்கியது. மீன் துறைக்காரரான சர் பிரெடரிக் நிக்கல்சன் மீன் எண்ணெயை வைத்து ஆரம்பித்த முயற்சி அது. 1917-இல் டாடா ஆயில் மில்ஸ் வந்து கொச்சிப் பக்கம் கொப்பரை ஆட்டியது. ஹமாம் அந்தக் கம்பெனியின் பிள்ளை.

உள்ளூர் வைத்தியர்கள் சும்மா இருப்பார்களா? 1940-இல் இரிஞ்ஞாலக்குடாவில் சி.ஆர். கேசவன் வைத்தியர் தேங்காய் எண்ணெயும் மூலிகையும் சேர்த்துச் சந்திரிகா சோப்பைத் தொடங்கினார். 1969-இல் சென்னையில் இன்னொரு கதை. கேரளத்து வைத்தியக் குடும்பத்தில் பிறந்து ரயில்வேயில் டாக்டராக வேலை பார்த்த வி.பி. சித்தன், தொழிலாளர்களின் தோல் நோய்களைப் பார்த்துவிட்டு, குடும்பத்து மூலிகை முறையைச் சோப்பாக மாற்றி, வீட்டிலேயே மனைவியோடு சேர்ந்து கையால் செய்யத் தொடங்கினார். அதுதான் 18 மூலிகை மெடிமிக்ஸ். வீட்டுச் சமையலறையில் தோலுக்கு மருந்து செய்தவர்கள் என்று யாரைக் காட்டலாம் என்று என்னைக் கேட்டால் முதலில் அவரைத்தான் காட்டுவேன்.

(ஐ.டி. நண்பர்களுக்கு ஒரு கொசுறு: விப்ரோ 1945-இல் அமல்னேரில் வனஸ்பதி எண்ணெய்க் கம்பெனியாகப் பிறந்தது. சந்திரிகாவை விற்கும் உரிமை 2000-களில் விப்ரோவிடம் வந்தது. எல்லாம் எண்ணெய்க் கணக்குதான்.)

சோப்பு வந்ததில் தப்பில்லை. காலராவும் வயிற்றுப்போக்கும் மண்டிக் கிடந்த நாட்டில் கை கழுவச் சோப்பு வந்தது பெரிய வரம். ஆனால் குளியலறையில் சோப்பு ஏறியதும் பொடி டப்பா இறங்கிவிட்டது. எண்ணெய் மட்டும் தங்கிவிட்டது, அதுவும் வேறு வேலையில். முன்னால் எண்ணெய் குளிக்கப் போகும் முன் தேய்க்கிற பொருள். இப்போது குளித்து வந்த பிறகு தலையில் வைத்து, மிச்சத்தை முகத்தில் தடவிக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிற பொருள். ஒரு பக்கம் சோப்பின் காரம் தோலை வறட்டும், மறுபக்கம் கழுவாத எண்ணெய் நாள் பூராவும் முகத்தில். என் தலைமுறைப் பள்ளிக்கூட குரூப் போட்டோவை எடுத்துப் பாருங்கள், நெற்றிகள் எப்படிப் பளபளக்கின்றன என்று.

அந்த நெற்றிக்கு டாக்டர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1970-இல் அமெரிக்காவில் பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மன் என்ற மூன்று பேர் 'பொமேட் பரு' பற்றி எழுதினார்கள். தலைக்கு எண்ணெய்ப் பசையான பொமேட் தடவும் கறுப்பின ஆண்களுக்கு நெற்றியிலும் பொட்டுப் பக்கத்திலும் சின்னச் சின்னப் பருக்கள். அதே ஃபுல்டன் 1989-இல் எந்தப் பொருள் எவ்வளவு துவாரத்தை அடைக்கும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் தேங்காய் எண்ணெய்க்கு ஐந்துக்கு நாலு மார்க். இந்தப் பரீட்சையில் மார்க் கூடினால் ஃபெயில். விளக்கெண்ணெய், சூரியகாந்தி எல்லாம் கீழே இருக்கின்றன, நல்லெண்ணெய் நடுவில். ஒரு எச்சரிக்கை: இந்த மார்க் போட்டது முயலின் காதில் சோதித்து. முயல் காது மனிதத் தோலைவிட எளிதில் அடைத்துக்கொள்ளும். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். ஆனால் பரு உள்ள பிள்ளை முகத்தில் தேங்காய் எண்ணெயை ஊற விடாதே என்று டாக்டர் சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். லாரிக் அமிலம் பரு பாக்டீரியாவைக் கொல்கிறது என்று 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. அதைக் காட்டித் தேங்காய் எண்ணெய்தான் பருவுக்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சோதித்தது தனியாகப் பிரித்தெடுத்த அமிலத்தை. எண்ணெயில் அது கிளிசரினோடு பிணைந்து கிடக்கிறது. லாக்கரில் இருக்கிற நகையும் கையில் இருக்கிற ரொக்கமும் ஒன்றா?

அப்படியானால் பரு உள்ளவர்கள் எண்ணெய்ப் பக்கமே போகக்கூடாதா? இங்கேதான் எனக்கு எங்கள் ஊர்க் கதகளி ஞாபகம் வந்தது. பத்மநாப சுவாமி கோயில் கோட்டைப் பகுதியில் மார்கி என்ற அமைப்பு 1970 முதல் கதகளி சொல்லிக் கொடுக்கிறது. பச்சை வேஷக்காரரின் முகத்தில் இருப்பது மனையோலை முதலிய கற்களைத் தேங்காய் எண்ணெயில் குழைத்த சாயம். ஆட்டம் முடிந்ததும் அதைத் தண்ணீரால் கழுவ முடியாது. எண்ணெயைத் தடவித் தேய்த்து, துணியால் துடைத்து, அப்புறம்தான் கழுவுவார்கள். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும்.

ஜப்பானில் ஷூ உவேமுரா என்ற ஒப்பனைக் கலைஞர் ஹாலிவுட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1967-இல் முகம் கழுவும் எண்ணெய் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று மால்களில் நாற்பது, ஐம்பது டாலருக்கு விற்கும் 'கிளென்சிங் ஆயில்' வகைகளுக்கெல்லாம் அது தாத்தா. இவற்றில் என்ன விசேஷம் என்றால், எண்ணெயோடு பால்மமாக்கி ஒன்றைக் கலந்திருப்பார்கள். உலர்ந்த முகத்தில் தேய்க்கும்போது எண்ணெய். தண்ணீர் பட்டதும் பால் மாதிரி வெளுத்து, வழவழப்பு விடாமல் ஓடிவிடும். அதாவது நம் வீட்டில் டப்பாவில் தனியாக இருந்த பொடியின் வேலையை அவர்கள் பாட்டிலுக்குள்ளேயே போட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். அம்மா சொன்னது இதுதான்:

"பின்ன, பயறுப் பொடி போட்டு அலசாம விடுவாங்களா? அதையும் சொல்லித்தான் தெரியணுமா மக்கா?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. வழக்கின் ஓட்டை அங்கேதான் இருந்தது. எண்ணெயைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், அதனால் அது பாட்டிலில் ஏறி, விமானத்தில் ஏறி, டொராண்டோவுக்கு வந்துவிட்டது. பொடியைப் பற்றி யாரும் பேசவில்லை. அது பழவங்காடியில் சொல்லாமலே தெரிந்த விஷயம். இங்கே பிறந்த பிள்ளைக்குச் சொல்லாமல் எப்படித் தெரியும்?

சமரசம் இப்படி முடிந்தது. ஏலாதி கேரம் என் குதிகால் வெடிப்புக்கும் (இந்த ஊர்க் குளிருக்கு அது தேவாமிர்தம்), தங்கமணியின் முழங்கைக்கும் ஒதுக்கப்பட்டது. பேத்தியின் முகத்துக்கு ஆச்சி சாலைக் கடையில் சிறுபயறு வாங்கி, காயவைத்து, அரைத்து, மெல்லிய துணியில் சலித்து அனுப்புவதாக ஏற்பாடு. கூடவே வீட்டில் நாங்களே கலக்கிக்கொள்ளும் ஓர் எண்ணெய். அதன் கணக்கு கீழே.

100 மில்லிக்கு: சூரியகாந்தி எண்ணெய் 75 மில்லி, விளக்கெண்ணெய் 10 மில்லி, பாலிசார்பேட் 80 என்ற பால்மமாக்கி 15 மில்லி. கடைசியில் சொன்னது சோப்பு, கிரீம் செய்பவர்களுக்கான பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். சூரியகாந்தி எதற்கு என்றால், அதில் லினோலிக் அமிலம் அதிகம், தேங்காய் எண்ணெயில் அது இரண்டு சதவீதம்கூடத் தேறாது. பரு உள்ளவர்களின் தோல் கொழுப்பில் லினோலிக் அமிலம் குறைவாக இருக்கிறது என்று 1986-இல் அயோவா பல்கலைக்கழகத்தார் எழுதினார்கள். பூசினால் பரு போய்விடும் என்பதற்கு அது சான்று இல்லை, ஆனால் எண்ணெய் தேர்ந்தெடுக்கும்போது ஒரு காரணம். இங்கே கடைகளில் 'ஹை ஓலெயிக்' என்று போட்ட சூரியகாந்தியும் இருக்கும். அதில் லினோலிக் குறைவு, எனவே லேபிளைப் படித்து வாங்குங்கள். விளக்கெண்ணெய் பிசுக்கென்று கெட்டியாக இருப்பதால் பத்துக்கு மேல் வேண்டாம், அதிகமானால் முகம் இழுக்கும்.

சூரியகாந்திக்குப் பதில் நல்லெண்ணெய்தான் வேண்டும் என்பவர்கள் நம்மூர்ச் செக்கு நல்லெண்ணெயை வாங்குங்கள். சைனீஸ் கடையில் கிடைக்கும் வறுத்த எள் எண்ணெயை ஊற்றிவிட்டால் முகம் ஃபிரைட் ரைஸ் வாசம் அடிக்கும். நான் பொறுப்பில்லை.

பாட்டில் ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, பச்சை மஞ்சள், சூடம், வேப்பெண்ணெய் என்று 'கொஞ்சம் சேர்த்தால் என்ன' புத்தி நமக்கெல்லாம் உண்டு. சேர்க்காதீர்கள். தண்ணீர்ச் சத்து சேர்ந்தால் கெடும், மற்றவை பரு உள்ள தோலை எரிக்கும். இருட்டான அலமாரியில் வையுங்கள். சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் காறும், ஆகவே இரண்டு மாதத்துக்குப் போதுமான அளவு மட்டும் கலக்குங்கள். வாசம் மாறினால் கொட்டிவிடுங்கள்.

உபயோகிப்பது இரவில் ஒருமுறை. பாட்டிலைக் குலுக்கி, அரை டீஸ்பூன் எடுத்து, காய்ந்த கையால் காய்ந்த முகத்தில் ஒரு நிமிடம் மெதுவாக. மசாஜ் பார்லர் வேலை வேண்டாம், பரு மேல் அழுத்தவே கூடாது. பிறகு கையை வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தடவினால் எண்ணெய் வெளுக்கும். அலம்பிவிட்டு, ஒரு டீஸ்பூன் பயறுப் பொடியைக் குழைத்துத் தடவி உடனே கழுவுங்கள். முகத்தில் பத்தைக் காய விடாதே, ஈரமாக இருக்கும்போதே எடு என்று வாக்படரும் சொல்கிறார். பொடி நறநறவென்று இருந்தால் பருவைக் கீறிவிடும், சலித்தே ஆக வேண்டும். பொடி ஒத்துக்கொள்ளாதவர்கள் காரமில்லாத ஃபேஸ் வாஷ் போட்டுக்கொள்ளலாம்.

பால்மமாக்கி கிடைக்கவில்லையா? சூரியகாந்தி 90, விளக்கெண்ணெய் 10 மட்டும் கலந்துகொண்டு பொடியை நம்புங்கள். பழவங்காடியில் யாரும் பாலிசார்பேட்டைப் பார்த்து வளரவில்லை.

முதலில் தாடைக்குக் கீழே ஓரிடத்தில் நாலைந்து நாள் போட்டுப் பாருங்கள். பருவைக் குணமாக்குவது இந்த எண்ணெய் இல்லை, பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற மருந்துகளும் அவற்றை எழுதித் தருகிற டாக்டரும்தான். எண்ணெயின் வேலை சன்ஸ்கிரீனையும் அழுக்கையும் எடுப்பதோடு சரி. மருந்து போடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், மருந்தைக் கழுவி உலர்ந்த பிறகு போடுங்கள். சீழ்க் கட்டி, வலி, தழும்பு என்று வந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு நேரே தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பி.கு.: ஊரிலிருந்து பொடி கொண்டுவருகிறவர்கள் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள். டப்பாவின் மேல் 'பச்சைப்பயறு மாவு' என்று ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். பச்சை நிறத்தில் பேர் தெரியாத பொடியைப் பார்த்தால் விமான நிலையத்தில் இருப்பவர்களுக்கு என்னென்னவோ தோன்றும்.